விளையாட்டு பார்க்காதவரும் கட்டிய காசு: அமெரிக்க விளையாட்டு சேனல்கள் கேபிளை விட்டு நகர்வது எப்படி?

அமெரிக்காவில் விளையாட்டு ஒளிபரப்பு பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, ‘கேபிள் செத்துவிட்டது, எல்லாம் ஸ்ட்ரீமிங்குக்குப் போயாச்சு.’ இன்னொன்று, ‘இனி வேண்டியதற்கு மட்டும் காசு கட்டினால் போதும், செலவு குறையும்.’ முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, விளையாட்டு ரசிகர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தலைகீழ்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. மாற்றம் என்றதும் எல்லோரும் வயரைப் பார்க்கிறார்கள். முன்பு கேபிள் வழியாக வந்தது, இப்போது இணையம் வழியாக வருகிறது, அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். ஆட்டம் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பதைவிட, அதற்கான காசை யார் யாரிடமிருந்து வசூலிக்கிறார்கள் என்பதுதான் இங்கே மாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கேபிள் பேக்கேஜின் கணக்கு

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நூறு வீடுகள், கீழே ஒரு நீச்சல் குளம். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் குளத்துக்கான பங்கும் சேர்ந்தே வருகிறது. தண்ணீரில் கால்கூட நனைக்காதவரும் கட்டுகிறார். நூறு வீடும் பகிர்ந்துகொள்வதால் ஒரு வீட்டுக்கு விழுவது சின்னத் தொகை. யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நாளைக்கே சங்கம் கூடி, ‘நீந்துகிறவர்கள் மட்டும் கட்டட்டும்’ என்று முடிவெடுக்கிறது. நீந்துகிற வீடுகள் இருபதுதான். குளத்தைப் பராமரிக்கும் செலவு குறையப் போவதில்லை, அதனால் அந்த இருபது வீடுகளுக்கும் ஐந்து மடங்கு கட்டணம்.

அமெரிக்கக் கேபிள் பேக்கேஜில் அந்தக் குளம்தான் விளையாட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே விலைக்கு விற்பார்கள். சமையல் நிகழ்ச்சிக்காகவோ செய்திக்காகவோ கேபிள் எடுத்தவர் வீட்டிலும் விளையாட்டு சேனல் இருக்கும். அதற்கான காசும் அவர் பில்லுக்குள் இருக்கும்.

அந்தக் காசுக்குப் பெயர் ‘அஃபிலியேட் கட்டணம்’. கேபிள் நிறுவனம் தன்னிடமுள்ள ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இவ்வளவு என்று மாதாமாதம் சேனலுக்குக் கொடுக்கும் தொகை அது. அவர் அந்தச் சேனலைப் பார்த்தாரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பெரும்பாலான சேனல்களுக்கு இது ஒரு டாலருக்கும் குறைவு. 1979 செப்டம்பர் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற ஊரிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கிய இஎஸ்பிஎன் என்ற விளையாட்டு சேனலுக்கோ, சமீப ஆண்டுகளில் வீட்டுக்கு மாதம் 9 டாலருக்கு மேல். 2011 வாக்கில் இஎஸ்பிஎன் இருந்த அமெரிக்க வீடுகள் சுமார் 10 கோடி. அத்தனை வீட்டிலும் விளையாட்டு ரசிகர்களா இருந்திருப்பார்கள்?

இந்தக் காசு எங்கே போயிற்று என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். லீக்குகளுக்குப் போயிற்று. ஒரு போட்டித் தொடரைக் காட்டுவதற்காக சேனல் லீக்குக்குக் கொடுக்கும் விலைதான் ஒளிபரப்பு உரிமைத் தொகை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 2021-இல் போட்ட ஒப்பந்தங்கள் 11 ஆண்டுகளுக்கு 11,000 கோடி டாலரைத் தாண்டின. கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2024-இல் 11 ஆண்டுகளுக்கு சுமார் 7,600 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. வீரர்களின் பிரம்மாண்டமான சம்பளத்தில் ஒரு பெரும்பங்கு, ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்காத வீடுகளிலிருந்தும் வந்தது என்பதே நேர்மையான கணக்கு. விளையாட்டு ரசிகர்களாகிய நாம் பல ஆண்டுகள் அடுத்த வீட்டுக்காரர் தயவில் மலிவாகப் பார்த்தோம். இதை ஒப்புக்கொள்ளாமல் இன்றைய விலையைத் திட்டுவது நியாயமாகாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: எல்லோரும் கட்டினார்கள், சிலர் பார்த்தார்கள், லீக்குகள் வளர்ந்தன.

விரிசல் எங்கே விழுந்தது?

கேபிள் இணைப்பைத் துண்டிப்பவர்களின் எண்ணிக்கை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறிக்கொண்டே போனது. இஎஸ்பிஎன் இருக்கும் வீடுகள் 10 கோடியிலிருந்து 2024 வாக்கில் 7 கோடிக்கும் கீழே இறங்கின.

முதலில் துண்டித்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடர்களும் திரைப்படங்களும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், அவற்றுக்காகக் கேபிள் வைத்திருந்தவர்கள் கிளம்பினார்கள். குளத்தில் இறங்காத வீட்டுக்காரர்களே முதலில் காலி செய்தார்கள். மிஞ்சியவர்களில் விளையாட்டுக்காகவே இருப்பவர்களின் விகிதம் கூடியது. ஆள் குறையக் குறைய சேனல்கள் கட்டணத்தை ஏற்றின. பில் ஏறியது. பில் ஏறியதால் இன்னும் சிலர் கிளம்பினார்கள்.

2025 மே மாதத்தில் அமெரிக்காவில் டிவி பார்க்கப்பட்ட நேரத்தில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதம் என்று, டிவி பார்வையை அளக்கும் நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. கேபிளையும் ஆன்டெனா வழி ஒளிபரப்பையும் கூட்டினால்கூட அதற்குக் கீழேதான். அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

ஸ்ட்ரீமிங் என்பது ஒன்றல்ல

பேச்சுவழக்கில் ‘ஸ்ட்ரீமிங்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் வெவ்வேறு வியாபாரங்கள் இருக்கின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதல் வகை, இணையம் வழியாக வரும் கேபிள். யூடியூப் டிவி இதற்கு நல்ல உதாரணம். வயரும் பெட்டியும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது அதே பழைய சேனல் கட்டு, கொடுப்பது அதே அஃபிலியேட் கட்டணம். அதனால்தான் 2017-இல் மாதம் 35 டாலருக்குத் தொடங்கிய யூடியூப் டிவியின் விலை 2025-இல் 82.99 டாலராக நின்றது. ‘கேபிளை விட்டுவிட்டேன்’ என்று சொல்லி இதற்கு மாறியவர் உண்மையில் கேபிள் கம்பெனியை மாற்றியிருக்கிறார்.

இரண்டாவது வகை, அமேசான், ஆப்பிள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் லீக்கிடம் நேராக உரிமை வாங்குவது. 2022 முதல் என்எஃப்எல்லின் வியாழக்கிழமை ஆட்டங்கள் அமேசானில். 2023 முதல் மேஜர் லீக் சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்) ஆப்பிளில், முதலில் போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கு 250 கோடி டாலர். இவர்களுக்கு விளையாட்டிலேயே லாபம் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருள் விற்பனை, விளம்பரம் என்று வேறு வருமானம் இருக்கிறது. விளையாட்டை மட்டுமே நம்பிப் பிழைக்கும் சேனலுக்கு இது சமமான போட்டியே அல்ல.

மூன்றாவது வகைதான் நம் பேச்சின் மையம்: சேனலே இடைத்தரகர் இல்லாமல் பார்வையாளரிடம் நேராக விற்பது. இஎஸ்பிஎன் தன் முழு சேனல்களையும் 2025 ஆகஸ்ட் 21 அன்று ஆப் வழியாக, மாதம் 29.99 டாலருக்குத் தனியே விற்கத் தொடங்கியது. அதற்கு முன் 2018-இலேயே இஎஸ்பிஎன் பிளஸ் என்று ஒன்று 4.99 டாலருக்கு வந்தது. ஆனால் பெரிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அதில் வைக்காமல் கேபிளுக்கே ஒதுக்கினார்கள். ஆக, முழுதாகத் தண்ணீரில் இறங்க ஏழு ஆண்டுகள் ஆயின.

ஏன் 9 டாலர் 30 டாலர் ஆகிறது?

ஒரு எளிய பெருக்கல் போட்டுப் பார்ப்போம். உருண்டையான எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன். 7 கோடி வீடுகள், வீட்டுக்கு 9 டாலர் என்றால் மாதம் 63 கோடி டாலர். இதே தொகையை 30 டாலர் ஆப் மூலம் மட்டும் திரட்ட வேண்டுமானால் 2.1 கோடிப் பேர் வேண்டும். வெறும் ரசிகர்கள் போதாது. ஒவ்வொரு மாதமும், சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடாமல் கட்டுகிறவர்கள் வேண்டும்.

அந்த ‘விடாமல்’ என்பதில்தான் சிக்கல். சந்தாதாரர்கள் ஒரு மாதம் சேர்ந்து அடுத்த மாதம் விலகுவதை இந்தத் தொழிலில் ‘சர்ன்’ என்கிறார்கள். கேபிளை நிறுத்துவது பெரிய வேலை. போன் செய்ய வேண்டும், பெட்டியைத் திருப்பித் தர வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடித்த சேனலும் போய்விடும். ஆப்பை நிறுத்த ஒரு பொத்தான் போதும். அமெரிக்கக் கால்பந்து மட்டும் பார்க்கிறவர் செப்டம்பரில் சேர்ந்து பிப்ரவரியில் கிளம்பிவிடலாம். கோடையில் மட்டும் நீந்த வருகிறவரை நம்பி வருடம் முழுக்கக் குளத்தைப் பராமரிக்க வேண்டிய நிலை.

விலை 30 டாலராக வைக்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதிகம் பேசப்படாத காரணம். ஆப்பை மலிவாக விற்றால், இன்னும் கேபிளில் இருக்கும் கோடிக்கணக்கான வீடுகள் உடனே வெளியேறும். அவர்கள் கட்டும் அஃபிலியேட் கட்டணம்தான் இன்றும் சேனலின் முதன்மை வருமானம். எனவே ஆப் இருக்க வேண்டும், ஆனால் கேபிளைக் கொன்றுவிடக் கூடாது. இஎஸ்பிஎன் பல கேபிள் நிறுவனங்களோடு பேசி, அவற்றின் சந்தாதாரர்களுக்கு அதே ஆப்பைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் திறந்துவிட்டதும் இதனால்தான். ‘கேபிளிலிருந்து ஸ்ட்ரீமிங்குக்கு மாறிவிட்டது’ என்பதைவிட, ‘இரண்டு கடையும் நடத்துகிறது’ என்பதே பொருத்தம்.

சுருக்கமாக: நேரடி விற்பனையில் ஆள் குறைவு, நிலையற்ற வருமானம், உரிமைத் தொகையோ ஏறுமுகம். அதனால் பழைய வருமானத்தைக் கைவிடாமல் புதியதை வளர்க்கப் பார்க்கிறார்கள்.

திரை இருண்ட பன்னிரண்டு நாட்கள்

2023 ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை மாலை. யுஎஸ் ஓபன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது. சார்ட்டர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் கேபிள் வைத்திருந்த சுமார் 1.47 கோடி வீடுகளில் இஎஸ்பிஎன் உள்ளிட்ட டிஸ்னி சேனல்கள் அணைந்துபோயின. கட்டணத் தகராறு.

இப்படிப்பட்ட தகராறுகள் புதிதல்ல. வழக்கமாகக் கேபிள் நிறுவனம்தான் கடைசியில் பணியும். இந்த முறை சார்ட்டர் வேறு மாதிரி பேசியது. ‘உங்கள் நல்ல நிகழ்ச்சிகளை உங்கள் ஆப்பில் தனியாக விற்கிறீர்கள், எங்களிடம் விலையை ஏற்றுகிறீர்கள். எங்கள் வாடிக்கையாளர் ஏன் இரண்டு முறை கட்ட வேண்டும்?’ என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். வீடியோ வியாபாரத்தையே விட்டுவிடத் தயார் என்ற தொனியும் அதில் இருந்தது. இணைய இணைப்பில் நல்ல லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு அது வெற்று மிரட்டல் அல்ல.

செப்டம்பர் 11 அன்று, என்எஃப்எல்லின் திங்கள் இரவு ஆட்டம் தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன் சமரசம் வந்தது. டிஸ்னிக்குக் கட்டணம் கூடியது. பதிலுக்கு, டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் ஆப்பான டிஸ்னி பிளஸ், விளம்பரத்துடன், சார்ட்டர் வாடிக்கையாளர்களுக்குப் பேக்கேஜுக்குள்ளேயே கிடைத்தது. சில சிறிய டிஸ்னி சேனல்கள் பட்டியலிலிருந்து நீங்கின. என் பார்வையில், கேபிளும் ஆப்பும் எதிரிகளாக இருந்த காலம் முடிந்து ஒன்றையொன்று சுமக்கத் தொடங்கியது இங்கேதான்.

இணையக் கேபிளும் இந்தச் சண்டைக்கு விலக்கல்ல. 2025 அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை யூடியூப் டிவியில் டிஸ்னி சேனல்கள் இல்லை. இரண்டு திங்கள் இரவு ஆட்டங்கள் போயின.

பலத்த அடி வாங்கிய உள்ளூர் சேனல்கள்

தேசிய சேனல்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மனசு கேட்காத இடம் வேறு. ஒரு நகரத்து அணியின் அன்றாட ஆட்டங்களைக் காட்டும் பிராந்திய விளையாட்டு சேனல்கள்தான் அது. பேஸ்பால் அணி ஒன்று ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தேசிய அளவில் வராது. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் பிராந்திய சேனல் காட்டும். அதே வர்ணனையாளர் குரல், கோடை முழுக்க, கிட்டத்தட்ட தினமும்.

இந்தச் சேனல்களுக்குக் கேபிள் பேக்கேஜ்தான் உயிர். 2019-இல் சின்க்ளேர் நிறுவனம் இப்படிப்பட்ட 21 சேனல்களை டிஸ்னியிடமிருந்து வாங்கியது. மதிப்பு சுமார் 1,060 கோடி டாலர், பெரும்பகுதி கடன். அதே ஆண்டு செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டிஷ் இந்தச் சேனல்களைக் கைவிட்டது. 2020-இல் யூடியூப் டிவியும், அதைப் போலவே இணையக் கேபிள் விற்கும் ஹுலுவும் கைவிட்டன. குளத்துக்குக் கட்டுகிற வீடுகள் ஒரேயடியாகக் குறைந்துவிட்டன. சேனல்களை நடத்திய டைமண்ட் ஸ்போர்ட்ஸ் குரூப் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. கடன் 800 கோடி டாலருக்கு மேல். பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி சேர்ந்து 42 அணிகளின் உரிமைகள் அதனிடம் இருந்தன.

சான்டியேகோ பாட்ரேஸ் என்ற பேஸ்பால் அணியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். டைமண்ட் தர வேண்டிய தவணை வரவில்லை. 2023 மே மாத இறுதியில் பேஸ்பால் லீக்கே ஒளிபரப்பை எடுத்துக்கொண்டது; உள்ளூர் ரசிகர்களுக்கு மாதம் 19.99 டாலரில் நேரடி ஸ்ட்ரீமிங், கூடவே கேபிளிலும் தொடர்ந்தது. பார்க்க வழியுள்ள வீடுகள் சுமார் 11 லட்சத்திலிருந்து 32 லட்சத்துக்கும் மேலாகக் கூடின என்று லீக் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய ஒப்பந்தம் தந்த வருமானம் அதில் வந்துவிடவில்லை. அந்த ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஈடுகட்டுவதாக லீக் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. பார்க்க முடிந்தவர்கள் மூன்று மடங்கு, பணம் குறைவு. இந்த முழு மாற்றத்தையும் ஒரே அணியில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி வேறு வழி எடுத்தது. 2023-24 சீசனிலிருந்து உள்ளூர் ஆட்டங்களைச் சாதாரண ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனலுக்கே கொண்டுபோனது. ரசிகர்களுக்கு ஆன்டெனாவும் இலவசமாகக் கொடுத்தது. வருமானத்தில் உடனடி இழப்பைப் பொறுத்துக்கொண்டு அடுத்த தலைமுறை ரசிகர்களைப் பிடிக்கும் முயற்சி. எல்லா அணி முதலாளிகளுக்கும் அந்த வசதி இருக்காது.

ரசிகர்களை மிக அதிகம் எரிச்சலூட்டும் இருட்டடிப்பும் இந்த உள்ளூர் உரிமையிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு பகுதியின் உரிமையை உள்ளூர் சேனலுக்குத் தனியாக விற்றுவிட்டதால், அதே ஆட்டத்தை அந்தப் பகுதியில் வேறு ஆப்பில் காட்டாமல் மறைப்பதுதான் இருட்டடிப்பு. அயோவா மாநிலத்தில் ஒரு மேஜர் லீக் பேஸ்பால் அணிகூட இல்லை. ஆனால் சிகாகோவின் இரண்டு அணிகள், செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, மினசோட்டா, மில்வாக்கி என ஆறு அணிகள் அதைத் தங்கள் உள்ளூர்ப் பகுதியாகக் கணக்கிட்டன. லீக்கின் ஸ்ட்ரீமிங் சந்தாவைக் காசு கொடுத்து வாங்கிய அயோவா ரசிகருக்குப் பல ஆண்டுகளாக அந்த ஆறு அணிகளின் ஆட்டங்களும் மறைக்கப்பட்டன. தொழில்நுட்பம் தயாராக இருந்தது, தடுத்தது ஒப்பந்தம்.

மறுபடியும் கட்டு கட்டுகிறார்கள்

தனித்தனியாகப் பிரித்தபின் இப்போது மீண்டும் சேர்க்கும் வேலை நடக்கிறது. 2024 பிப்ரவரியில் டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி மூன்றும் சேர்ந்து வெனு என்ற விளையாட்டுக்கு மட்டுமான ஆப்பை அறிவித்தன. விலை மாதம் 42.99 டாலர். இணையக் கேபிள் விற்கும் ஃபூபோ நிறுவனம் வழக்குப் போட்டது. ‘எங்களுக்கு விளையாட்டு சேனல் வேண்டுமென்றால் வேண்டாத சேனல்களையும் சேர்த்து வாங்கச் சொல்கிறீர்கள், உங்களுக்கு மட்டும் தனியாகவா?’ என்பது அதன் கேள்வி. ஆகஸ்டில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஜனவரியில் வெனு கைவிடப்பட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் இஎஸ்பிஎன் ஆப்பும் ஃபாக்ஸின் ‘ஃபாக்ஸ் ஒன்’ ஆப்பும் ஒரே நாளில் தனித்தனியாக வந்தன. இரண்டையும் சேர்த்து 39.99 டாலருக்குத் தரப்போவதாகவும் அறிவித்தார்கள்.

சர்னுக்கு மருந்து கட்டுதான். ஒரு ஆப்பில் கால்பந்து முடிந்தாலும் இன்னொன்றில் பேஸ்பால் தொடங்கினால் ஆள் கிளம்ப மாட்டார். பழைய கேபிள் கட்டோடு ஒப்பிட்டால் இது சின்னக் கட்டு, விளையாட்டு பார்க்காதவர் இதில் இல்லை. அந்த ஒரு வித்தியாசம்தான் விலையைத் தீர்மானிக்கிறது.

அடுத்து பார்க்க வேண்டிய ஆண்டு 2028. பேஸ்பால் லீக்கின் தேசிய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் அப்போது முடிகின்றன. எல்லா அணிகளின் உள்ளூர் உரிமைகளையும் ஒன்றாகத் திரட்டி லீக்கே விற்க வேண்டும், இருட்டடிப்பை ஒழிக்க வேண்டும் என்பது லீக் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் வெளிப்படையாகச் சொல்லிவரும் திட்டம். ரசிகருக்கு இதைவிட நல்லது வேறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 2013-இல் போட்ட உள்ளூர் ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு, 835 கோடி டாலருக்கு. அது முடிவது 2038-இல். சின்ன நகரத்து அணிகள் திட்டத்துக்குத் தலையாட்டுவது எளிது. உள்ளூர் வருமானம் கொழிக்கும் அணிகள் அதைப் பொதுப் பானையில் போடச் சம்மதிக்க வேண்டும். பேச்சுவார்த்தை அங்கேதான் நிற்கிறது.